நிற்க மறுத்த எண்

அந்த ஆய்வகத்தில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவள் ஒருத்திக்குத்தான் அண்ணி. எதிர் மேசையில் இருந்த அவளுடைய நாத்தனார், கணவனின் ஒரே தங்கை, காலையில் உள்ளே நுழைந்ததிலிருந்து "அண்ணி, அந்த பீக்கர் எங்க? அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்க. அண்ணி, டீ குடிச்சாச்சா?" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தச் சொல் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவரும் வண்டிக்காரரும் அண்ணி என்பார். அவளைவிட மூத்தவரான மேலாளரே ஒருநாள், தலைமை ஆய்வகத்திலிருந்து வந்த அதிகாரியிடம், "இந்தச் சோதனையெல்லாம் அண்ணிதான் பண்றாங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வந்தவர் அதுதான் பதவியின் பெயர் என்று நினைத்துக் குறித்துக்கொண்டு போனார்.

நாத்தனாருக்கு வேறு பெயர். புயல். அது வீட்டிலேயே வைத்த பெயர். அவள் நடந்தால் கதவு தானாகத் திறக்கும், திறந்த வேகத்தில் எதையாவது தட்டிவிடும். இப்போது நிறைமாதத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அப்படியும் நடை குறையவில்லை. வயிறு முன்னால் போகும், அவள் பின்னால் ஓடுவாள். உடைந்த பீக்கர்களில் மேலாளர் செடி வளர்த்து ஜன்னலில் வைத்திருந்தார். அவள் கடந்து போகும்போதெல்லாம் ஒரு கையை நீட்டி அவற்றைக் காப்பாற்றிக்கொள்வார்.

ஆய்வகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் இரண்டு அறைகள், அவ்வளவுதான். கீழே நாள் முழுக்க இழைப்புளி ஓடும். நாற்காலிக்கு ஆணி அடித்தால் மேலே பியூரெட் என்கிற அளவுக் குழாயில் தண்ணீர் நடுங்கும். முன் அறையில் மேலாளர் தண்ணீரில் உள்ள கிருமிகளைப் பார்ப்பார். பின் அறையில் அண்ணியும் புயலும் தண்ணீரில் உள்ள உப்புகளைப் பார்ப்பார்கள். ஆழ்துளைக் கிணற்றுக்காரர்கள், துணிக்குச் சாயம் போடுகிறவர்கள், கொதிகலன் வைத்திருக்கிறவர்கள் என்று ஊரில் பாதிப்பேருடைய தண்ணீர் அந்தப் பின் அறைக்கு வந்துபோகும்.

வந்த தண்ணீருக்கு என்ன முடிவு என்று ஒரு தாள் வெளியே போகும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் உரிமை பின் அறையில் புயலுக்கு மட்டும்தான் இருந்தது. அண்ணிக்கும் ஒரு காலத்தில் அது இருந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது வேலையை விட்டாள். அந்தப் பிள்ளைக்கு மீசை அரும்பிய பிறகு திரும்பி வந்தாள். புதிதாகச் சேர்ந்தவளைப் போல பாட்டில் கழுவினாள், பியூரெட் நிரப்பினாள், பிறகு மெல்ல மெல்ல அளக்கவும் ஆரம்பித்தாள். அளப்பது அவள், கையெழுத்து புயல். இருவருக்கும் நடுவில் அதனால் ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை. புயல்தான் அடிக்கடி, "உங்க சமையலுக்கு நான் பேர் வாங்கிக்கிற மாதிரி இருக்கு அண்ணி" என்பாள்.

இப்போது புயல் நீண்ட விடுப்பில் போகப்போகிறாள். கையெழுத்துப் போட ஆள் இல்லாவிட்டால் பின் அறையின் வேலையை வேறு ஊரில் இருக்கும் தலைமை ஆய்வகம் எடுத்துக்கொண்டுவிடும். மேலாளர் இதைச் சொல்லும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அவங்க ஒரு பாட்டில் அனுப்புவாங்கம்மா. அதுல குளோரைடு எவ்வளவுன்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க அளந்து ஒரே ஒரு பதில் சொல்லணும். சரியா இருந்தா கையெழுத்து உங்களுக்கு. இல்லைன்னா..." என்று நிறுத்திவிட்டு, செடியின் பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

இல்லையென்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? மேசையும் அலமாரியும் வண்டியில் ஏறும். அவள் வீட்டுக்குப் போவாள்.

வீட்டில் இருப்பது ஒன்றும் சிறையில்லை. நல்ல கணவன், வளர்ந்த பிள்ளைகள், காற்று வரும் வீடு. ஆனாலும் அவளுக்கு அந்தப் பின் அறையில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், பாடம் நடத்தப் போவதில்லை.

தண்ணீரை ஒரு பீக்கரில் ஊற்றி, அதில் இரண்டு பேரை இறக்கிவிடுவாள். ஒருவர் வெள்ளிக் கம்பி. இன்னொருவர் விரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் உப்புக் கரைசல். இரண்டும் மின்முனைகள். இரண்டிலிருந்தும் ஒயர் போய் ஒரு மீட்டரில் சேரும். வெள்ளிக் கம்பியிடம் மட்டும் தனியாகப் போய் "உன் மின்னழுத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. மாடி எவ்வளவு உயரம் என்றால், எங்கிருந்து என்று கேட்போம் இல்லையா? அதுபோலத்தான். வெள்ளிக்குச் சீக்கிரம் முகம் மாறும். தண்ணீரில் குளோரைடு கூடினால் ஒரு முகம், குறைந்தால் ஒரு முகம். கண்ணாடிக் குழாய்க்காரர் எந்தத் தண்ணீரில் இறங்கினாலும் ஒரே முகம். அவருக்கு ஒப்பு முனை என்று பெயர். இந்த மாறாதவருக்கும் அந்த மாறுகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் மீட்டர் எண்ணாகக் காட்டும்.

பிறகு பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். அது தண்ணீரில் உள்ள குளோரைடைப் பிடித்து வெள்ளை மாவு மாதிரி கீழே தள்ளும். எண் மெல்ல மெல்ல ஏறும். ஏறும், ஏறும், அலுப்பாக ஏறும். கடைசிக் குளோரைடும் பிடிபட்ட அந்தச் சொட்டில் எண் துள்ளிக் குதிக்கும். அதுவரை எத்தனை சொட்டு என்பதுதான் கணக்கு. அந்தத் துள்ளலைப் பார்க்கும்போது அண்ணிக்கு வயிற்றுக்குள் யாரோ பந்து போட்டுப் பிடித்த மாதிரி இருக்கும். இத்தனை வருஷமாகியும் அது பழகவில்லை.

பாட்டில் வந்தது. வாயில் அரக்கு முத்திரை. புயல் அதைத் தொடக்கூடாது, அண்ணியின் கைதான் அளக்க வேண்டும் என்று உத்தரவு. புயல் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"கையைக் கட்டிப் போட்டாச்சு. வாயை யாராலயும் கட்ட முடியாது. ஆரம்பிங்க அண்ணி."

அண்ணி பீக்கரில் தண்ணீரை ஊற்றினாள். வெள்ளிக் கம்பியைத் துடைத்து இறக்கினாள். ஒப்பு முனையைக் கழுவி இறக்கினாள். எண் நின்ற பிறகுதான் சொட்டு விடுவது அவள் வழக்கம். நிற்காத எண்ணை வைத்து வேலை ஆரம்பிப்பது, வாசலில் செருப்பைக் கழற்றுகிறவரிடம் கணக்குக் கேட்பது மாதிரி என்பாள்.

எண் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நிக்கட்டும்" என்றாள் அண்ணி.

"நானா இருந்தா இந்நேரம் முடிச்சுட்டுக் கையைக் கழுவியிருப்பேன்."

"நீ கையைக் கழுவறதுக்குள்ள ரெண்டு பீக்கர் உடைஞ்சிருக்கும்டி."

ஒருவழியாக எண் நின்றதுபோல் ஒரு தோற்றம் வந்ததும் சொட்டு விட்டாள். துள்ளல் வந்தது, பதிலும் வந்தது. இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று புதிதாகத் தண்ணீர் ஊற்றி, இந்தத் தடவை இன்னும் பொறுமையாகக் காத்திருந்து அளந்தாள். பதில் முதலில் வந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. சிறிய வித்தியாசம் இல்லை, கண்ணை உறுத்துகிற வித்தியாசம்.

"கை தவறியிருக்கும்" என்றாள் தனக்குத்தானே.

மறுநாள் காலையில் வெள்ளிக் கம்பியை மெருகேற்றினாள். பியூரெட்டை அமிலம் விட்டுக் கழுவினாள். மூன்றாவது தடவைக்கு ஊற்றி, இரண்டு முனைகளையும் இறக்கிவிட்டு, எண் நிற்கும்வரை அசையக்கூடாது என்று உட்கார்ந்தாள். அந்த நேரத்தில்தான் கணவன் சொல்லி அனுப்பிய இன்னொரு காரியம் ஞாபகம் வந்தது.

அவன் பஸ் ஓட்டுகிறவன். வண்டியில் இருக்கும்போது தங்கையிடம் பேச முடியாது. வீட்டில் இருக்கும்போது அவள் போனை எடுக்கமாட்டாள். அதனால் அன்று காலையில் அண்ணியிடம் சொல்லியிருந்தான்: "குழந்தை பிறந்ததும் கொஞ்சநாள் நம்ம வீட்ல வந்து இருக்காளா, இல்லை அவ வீட்லயே இருக்காளான்னு சும்மா கேட்டுட்டு வா. அவ இஷ்டம் என்னன்னு தெரிஞ்சா போதும்."

அண்ணி கேட்டாள். "ஏண்டி, குழந்தை பிறந்ததும் எங்க இருக்கலாம்னு நினைக்கிற?"

"எங்க வீட்லதான் அண்ணி. அவருக்கும் லீவு கிடைக்குது."

அண்ணி ஒரு கண்ணை மீட்டரில் வைத்துக்கொண்டே, "ம்" என்றாள். "அதுவும் சரிதான். ஆனா நம்ம வீட்டுப் பின்பக்க ரூம் சும்மாதான் கிடக்குது. வெயிலே வராது."

"ஆமா, நல்ல ரூம்."

"உங்க வீட்ல மாடிப்படி ஏறணும். தையல் போட்ட உடம்போட ஏற முடியுமா? நான் சொல்லலை, சும்மா யோசிச்சேன்."

புயல் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். மீட்டரில் எண் இறங்கியது.

"புதுசா ஒரு மெத்தை வாங்கிப் போட்டிருக்கேன். உனக்குன்னு இல்லை. வாங்கினேன், அவ்வளவுதான். உங்க அண்ணன் தொட்டிலைக்கூட இறக்கித் துடைச்சு வச்சுட்டாரு. ராத்திரி குழந்தை அழுதா நான் தூக்கிக்குவேன், நீ தூங்கலாம். உன் இஷ்டம்தான்டி, நான் ஒண்ணும் சொல்லலை."

இப்படியே பேச்சு போனது. மெத்தையின் உறை என்ன நிறம் என்பதுவரை போனது. கடைசியில் புயல், "சரி அண்ணி, வரேன்" என்றாள். குரலில் காற்றே இல்லை.

அண்ணி மகிழ்ந்துபோய்த் திரும்பி மீட்டரைப் பார்த்தாள். எண் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது. சொட்டு விட்டு அளந்தாள். பதில், முதல் இரண்டையும்விடக் கூடுதல்.

இப்போது உண்மையாகவே பயம் வந்தது. கவனம் குறைந்தால் தப்பு வரும் என்று அவளுக்குத் தெரியும். கவனம் கூடக் கூடத் தப்பு கூடுவதை அவள் பார்த்ததே இல்லை. சாயங்காலம் அவளே சுத்தமான தண்ணீரில் உப்பை நிறுத்துப் போட்டு, தெரிந்த அளவில் ஒரு கரைசல் தயாரித்து அளந்தாள். போட்டது ஒன்று, வந்தது இன்னொன்று. அதுவும் கூடுதலாகத்தான் வந்தது. முத்திரை பாட்டிலில் இன்னும் இரண்டு தடவைக்குத்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"சார்கிட்ட கேக்கலாமா?" என்றாள் புயல்.

முன் அறையிலிருந்தே மேலாளரின் குரல் வந்தது. "எனக்குக் கிருமியோட பாஷைதான்மா தெரியும். உப்பு என்கிட்ட பேசாது."

வீட்டுக்கு நடந்துபோகும்போது தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. இரும்புக் கடைக்காரர் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அண்ணிக்கு எதுவும் கண்ணில் படவில்லை. தன் கையையே ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். இத்தனை வருஷம் வீட்டில் இருந்ததில் கைக்கு வேலை மறந்துவிட்டதோ என்று நினைத்தாள்.

கணவன் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு குறும்பு.

"என் தங்கச்சியை மடக்கிட்டியாமே?"

"மடக்கவெல்லாம் இல்லைங்க. கேட்டேன், வரேன்னு சொன்னா."

"இப்பத்தான் போன் பண்ணினா. அழறாளா சிரிக்கிறாளான்னே தெரியலை. 'அண்ணே, எனக்கு எங்க வீட்லயே இருக்கணும்னுதான் ஆசை. ஆனா அண்ணி மெத்தை உறை வரைக்கும் சொன்னாங்க, அதுக்கப்புறம் எப்படி மாட்டேன்னு சொல்றது'ன்னு கேக்கறா."

அண்ணி பையைக் கீழே வைத்தாள். "நான் அவ இஷ்டம்னுதான் சொன்னேன்."

"எத்தனை தடவை சொன்னே?"

அவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ஏம்மா," என்றான் அவன், காலைத் தூக்கித் துண்டால் துடைத்துக்கொண்டே, "நீ கேக்கப் போனியா, சொல்லப் போனியா? போன உடனே கேட்டுட்டு எழுந்து வந்திருந்தா அவ மனசுல இருந்தது வந்திருக்கும். நீ பக்கத்துல உட்கார்ந்து உன் மனசை அவளுக்குள்ள இறக்கிக்கிட்டே இருந்தா, கடைசியில அவ வாயிலிருந்து வர்றது யாரோடது?"

அவன் சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னான். அவளோ நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"என்ன, கோபமா?"

"இல்லைங்க. இருங்க, பேசாதீங்க."

கேட்கப் போனவளே பதிலை மாற்றியிருக்கிறாள். உட்கார்ந்த நேரம் கூடக் கூட, பதில் அவள் பக்கம் சாய்ந்திருக்கிறது. அப்படியானால் பீக்கருக்குள் கேட்கப் போனது யார்? வெள்ளிக் கம்பி ஒன்று. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்? முகமே மாறாத அந்தக் கண்ணாடிக் குழாய்க்காரர். அவர் வயிற்றில் என்ன இருக்கிறது?

பொட்டாசியம் குளோரைடு. உப்பு கரைகிற அளவுக்குக் கரைந்த, கெட்டிக் கரைசல்.

அந்தக் குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட ஒரு சின்ன அடைப்பு இருக்கும். அதன் வழியாக உள்ளே இருப்பது சதா சர்வகாலமும் துளித்துளியாக வெளியே கசிந்துகொண்டிருக்க வேண்டும். கசிவு நின்றால் தண்ணீரோடு அதற்கு உறவு அறுந்துவிடும், எண் கிறுக்குப் பிடித்ததுபோல் அலையும். கசிவதுதான் அதன் வேலை. ஆனால் குளோரைடு எவ்வளவு என்று கேட்கப் போன இடத்தில் குளோரைடையே கசிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால்?

முன்பு அவர்களிடம் இருந்த ஒப்பு முனைக்கு இரட்டை உறை. வெளி உறையில் குளோரைடே இல்லாத பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும். கசிந்தாலும் அதுதான் கசியும். அதைப் போன மாதம் புயல், காய்ச்சல் பார்க்கும் கருவியை உதறுவதுபோல் ஓர் உதறு உதறி, குழாயடியில் மோதி உடைத்துவிட்டாள். புளிப்புத்தன்மை பார்க்கும் மீட்டரின் பக்கத்தில் கிடந்த ஒன்றை எடுத்து வந்து, "அதுவும் ஒப்பு முனை, இதுவும் ஒப்பு முனை" என்று மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நாக்கில் வைத்தாலே கரிக்கும் கிணற்றுத் தண்ணீர். அந்தக் கடலில் இந்தத் துளி யாருக்குத் தெரியும்? அதுவும் புயல் அளந்தால் துளி கசிவதற்குள் வேலையே முடிந்துவிடும். முத்திரை பாட்டில் தண்ணீரோ உப்பு மிகவும் குறைந்தது. அளந்தவளோ பொறுமைசாலி. எண் நிற்கட்டும் என்று இவள் காத்திருக்க, இவள் காத்திருப்பதாலேயே எண் நிற்காமல் இறங்கியிருக்கிறது.

"சாப்பிடலாமா?" என்றான் கணவன் மெதுவாக.

"சாப்பிடலாம்" என்றாள் அவள். முகம் விளக்கு ஏற்றிய அறை மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவன் ஒன்றும் புரியாமல் தட்டை எடுத்து வைத்தான்.

காலையில் புயல் வருவதற்கு முன்பே அண்ணி இரண்டு பீக்கர்களில் சுத்தமான தண்ணீரை ஊற்றி வைத்திருந்தாள். ஒன்றில் ஒப்பு முனையை இறக்கிவிட்டிருந்தாள். இன்னொன்றில் ஒன்றுமில்லை.

"என்ன அண்ணி, தண்ணிக்குள்ள தண்ணி தேடறீங்களா?"

"உட்காரு. டீ குடிக்கலாம்."

"வேலை நேரத்துல டீயா? நீங்களா? உடம்பு சரியில்லையா?"

நிதானமாக டீ குடித்தார்கள். கீழே இழைப்புளி ஓடி நின்றது. அண்ணி எழுந்துபோய் ஒப்பு முனையை வெளியே எடுத்துவிட்டு, இரண்டு பீக்கரிலும் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டினாள். ஒன்றுமில்லாத தண்ணீர் பளிங்காகவே இருந்தது. ஒப்பு முனை குளித்த தண்ணீரில் சொட்டு விழுந்த இடத்திலிருந்து வெண்மை சுருள் சுருளாக விரிந்து, மெல்லப் பரவி, பீக்கர் முழுக்கக் கழுநீர் மாதிரி கலங்கியது.

புயலின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு, "ஐயையோ" என்றாள். "நான் மாட்டினதுதானே அண்ணி அது!"

"நீ மாட்டினே. நான் உட்கார வச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின வேலைதான்."

"இப்ப என்ன பண்றது? புதுசு கேட்டு எழுதினா வர்றதுக்குள்ள எனக்குப் பிறந்து, பள்ளிக்கூடமே போயிடும்."

"புதுசு வேண்டாம். இவரைத் தள்ளி உட்கார வச்சுடலாம். தனியா ஒரு பீக்கர்ல. நடுவுல ஒரு பாலம் போடலாம். குழாயை நீ வளைச்சுக் கொடு. அளக்கிறதுதான் என் கையா இருக்கணும், கண்ணாடி வளைக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலை."

கண்ணாடிக் குழாய் வளைப்பது புயலுக்கென்றே உண்டான வேலை. நெருப்பில் வாட்டி, அது குழைகிற அந்த ஒரு நொடியில் வளைத்துவிட வேண்டும். யோசித்தால் போயிற்று, நடுவில் நசுங்கிவிடும். அண்ணி எத்தனை தடவை வளைத்தாலும் நசுங்கும், ஏனென்றால் அவள் யோசிப்பாள். புயல் ஒரே வீச்சில் இரண்டு பக்கமும் வளைத்து, கவிழ்த்துப் போட்ட கைப்பிடி மாதிரி ஒரு குழாயை மேசையில் வைத்தாள். அது ஆறுவதற்குள் இன்னொன்றும் வைத்தாள்.

அடுத்த வேலை அண்ணியுடையது. கொதிக்கும் தண்ணீரில் கடற்பாசித் தூளைக் கரைத்து, பொட்டாசியம் நைட்ரேட்டைச் சேர்த்து, சூடு ஆறுவதற்குள் வளைந்த குழாய்க்குள் நிரப்ப வேண்டும். உள்ளே அது கூழாக உறைந்துவிடும், மின்சாரம் போகும், குளோரைடு சீக்கிரத்தில் தாண்டாது. ஆனால் ஒரு குமிழி உள்ளே நின்றுவிட்டால் பாலம் அறுந்த பாலம். முதல் குழாயைப் புயல்தான் ஆசையாக வாங்கி நிரப்பினாள். முனைகளை இறக்கி மீட்டரைப் போட்டதும் எண் தவளை மாதிரி அங்கும் இங்கும் தாவியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வளைவில் கடுகளவு குமிழி.

"குடுங்க, கழுவிடறேன்" என்று முகம் சுளித்தாள் புயல்.

இரண்டாவது குழாயை அண்ணி நிரப்பினாள். சாய்த்துப் பிடித்து, கண்ணாடியின் ஓரத்தோடு கூழை மெதுவாக வழியவிட்டாள். கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிற நிதானம். புயல் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உறைந்ததும் தூக்கிப் பார்த்தார்கள். குமிழியே இல்லை.

ஒரு பீக்கரில் அண்ணி தயாரித்த உப்புத் தண்ணீரும் வெள்ளிக் கம்பியும். பக்கத்துப் பீக்கரில் நைட்ரேட் கரைசலும் ஒப்பு முனையும். இரண்டு பீக்கருக்கும் காலை விட்டு நின்றது பாலம். மீட்டரில் எண் வந்தது. கொஞ்சம் இறங்கியது. நின்றது.

அண்ணி இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அது நின்றபடியே நின்றது.

"நின்னுடுச்சு அண்ணி!"

"கத்தாதே. கீழே ஆணி அடிக்கிறவர் விரல்ல அடிச்சுக்கப் போறாரு."

சொட்டு விட்டாள். எவ்வளவு போட்டாளோ அவ்வளவே வந்தது. பிறகு முத்திரை பாட்டிலை எடுத்தாள். மிச்சமிருந்ததில் ஒரு தடவை அளந்தாள். பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை வடித்து இன்னொரு தடவை அளந்தாள். இரண்டு பதிலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாக இருந்தன. முன்னால் வந்ததையெல்லாம்விட எவ்வளவோ குறைவு. அந்த ஒரு பதிலை எழுதி மேலாளரிடம் கொடுத்தாள்.

பிறகு காத்திருப்பு. அந்த நாட்களில் அண்ணி ஒரு காரியம் செய்தாள். மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, நின்றபடியே கேட்டாள்: "குழந்தை பிறந்ததும் எங்க இருக்கணும்னு உனக்கு ஆசை?" கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் முன் அறைக்குப் போய் மேலாளரின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அந்தச் செடிகள் அன்று காலையில்தான் குடித்திருந்தன, பாவம்.

கொஞ்ச நேரம் கழித்துப் புயல் கதவோரம் வந்து நின்றாள். முதல்முறையாகக் கதவு எதையும் தட்டவில்லை.

"எங்க வீட்லதான் அண்ணி இருக்கணும்னு ஆசை. ஆனா சாயங்காலமானா நீங்க வரணும். தினமும் வரணும். நீங்க வந்து அந்தக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு மெதுவா நடக்கணும். எனக்கு மெதுவா நடக்க வராது."

"வரேன்டி" என்றாள் அண்ணி. வேறொன்றும் சேர்க்கவில்லை. மெத்தை உறையைப் பற்றி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

தலைமை ஆய்வகத்திலிருந்து தகவல் வந்த அன்று மேலாளர் பின் அறைக்கே வந்தார். பேச ஆரம்பிக்குமுன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், போட்டார். புயல் பொறுக்கமாட்டாமல், "சார், பாஸா ஃபெயிலா, தலையை ஆட்டுங்க போதும்" என்றாள்.

"அவங்க போட்டதுக்கும் நீங்க சொன்னதுக்கும் ஒரு மயிரிழைதான் வித்தியாசம்மா" என்றார் மேலாளர். "இனிமே கையெழுத்து நீங்கதான். அந்தப் பாலம் என்னன்னு எழுதி அனுப்பச் சொல்லியிருக்காங்க. அப்புறம் ஒரு சந்தேகமும் கேட்டிருக்காங்க. பதவின்ற இடத்துல அண்ணின்னு இருக்கே, அதை அப்படியே வச்சுக்கலாமான்னு."

புயல் சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள்.

அன்று காலையில் ஒரு கொதிகலன்காரருடைய தண்ணீர் அளந்து முடிந்திருந்தது. முடிவுத் தாள் மேசைமேல் கிடந்தது. புயல் அதை எடுத்து அண்ணியின் முன்னால் தள்ளி, தன் பேனாவையும் மேலே வைத்தாள்.

அண்ணி தாளை மேலிருந்து கீழே படித்தாள். திரும்பவும் படித்தாள். பேனாவைத் திறந்து, வேறொரு காகிதத்தில் கிறுக்கி, மை வருகிறதா என்று பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்துப் போடும் கையெழுத்து. முதல் எழுத்தின் வளைவு எப்படி இருக்கும் என்று கை யோசித்தது.

"அண்ணி," என்றாள் புயல், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "நீங்க போட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கு இங்கேயே பிறந்துடும் போல இருக்கு."

"பிறக்கட்டும்" என்றாள் அண்ணி. "அதுக்கும் ஒரு தாள் எடுத்து வை. கையெழுத்துப் போட்டுத் தரேன்."

சொல்லிவிட்டு, குனிந்து, நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.